சீர்வரிசையில் ஒரு ஹெட்போன்

விழுப்புரம்
4 ஆகஸ்ட் 2025

தங்கை இருதயமேரிக்கு,

சவுரிராயன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. ஜனவரியிலிருந்து உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். என் வீட்டுக்காரி அஞ்சம்மாள் போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் தடுத்தாய். பஸ் டிப்போவில் என்னோடு டயர் மாற்றுகிறவர் போனிலிருந்து கூப்பிட்டபோது, என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிட்டாய். காகிதத்தைத் தடுக்க முடியாது. அதனால் இதை எழுதி, திண்டிவனம் வண்டியில் போகும் கண்டக்டர் மாரியப்பனிடம் கொடுத்திருக்கிறேன். உன் பஜ்ஜிக் கடைக்கு எதிரில்தான் அவர் வண்டி திரும்புகிறதாம்.

கலைப்பிரியா வயதுக்கு வந்த சடங்குக்குத் தாய்மாமன் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தேன். பேனர் வைத்தேன், மேளம் வைத்தேன், தட்டுத் தட்டாகச் சீர் எடுத்து வந்தேன். மண்டப வாசலில் ஊர் சனம் பார்க்க, “சீரை எடுத்துக்கினு போயிடு” என்றாய். எடுத்துக்கொண்டு போனேன். பழமெல்லாம் வண்டியிலேயே நசுங்கியது. பட்டுப்பாவாடை மட்டும் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கூட்டத்தில் கோபமாக ஏதோ ஒரு வார்த்தை சொன்னேன், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு இத்தனை மாதமா?

நமக்கு அப்பா அம்மா இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை. மாமன் சீர் ஏறாமல் அந்தப் பெண் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. மாரியப்பன் சனிக்கிழமை அந்தப் பக்கம் வருவார்.

அண்ணன்,
சவுரிராயன்

*

திண்டிவனம்
9 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய சவுரிராயன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கண்டக்டரைச் சாயங்கால நேரத்தில் அனுப்ப வேண்டாம். எண்ணெய்ச் சட்டி காயும்போது கடிதம் வாங்கிப் படிக்க எனக்குக் கை கிடையாது. இன்று அவர் நின்று, “அம்மா, பதில் வாங்காம வராதன்னு சொல்லிக்கீறாருமா” என்றார். பேருந்து முழுக்க ஆள். டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு எதுவும் தேவையில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிரியா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டாள். “கேட்டா குடுக்கறேன்றாரு, கேளேம்மா” என்றாள். அவளுக்கு ஒயர் இல்லாத ஹெட்போன் வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் பாட்டுக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். டீச்சர் போனில் பாட்டு அனுப்புகிறார், அதைக் கேட்டுப் பழக வேண்டும். என் போனில் ஒயர் செருகும் ஓட்டை எண்ணெய் இறங்கிக் கெட்டுப்போனது. ஸ்பீக்கரில் போட்டால் கடைச் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை.

வாங்குவதானால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. போனால் திருப்பி அனுப்புவேன். பேனர் கூடாது. நீங்கள் நேரில் வரவும் கூடாது.

இப்படிக்கு,
இருதயமேரி

*

விழுப்புரம்
16 ஆகஸ்ட் 2025

மேரி,

“அவர்களுக்கு”, “நீங்கள்” என்றெல்லாம் எழுதியிருந்தாய். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வந்த கடிதம் போல் இருந்தது. அஞ்சம்மாளிடம் படித்துக் காட்டினேன். “பதில் வந்துச்சில்ல, அத்தோட சந்தோசப்படு” என்றாள். சந்தோஷப்பட்டேன்.

நேருஜி ரோட்டில் ஒரு போன் கடைக்குப் போனேன். கோட்டக்குப்பத்துப் பெண் ஒருத்தி, பர்வீன் என்று பெயர், விற்பனையில் இருக்கிறது. ஒயர் இல்லாததில் மூன்று வகை உண்டு என்று எடுத்து வைத்தது. ஒன்று கழுத்தில் பட்டை போல் தொங்குவது. இரண்டாவது காதுக்குள் செருகும் இரண்டு சின்னத் துண்டு, டப்பாவிலேயே சார்ஜ் ஏறும். மூன்றாவது தலைக்கு மேல் வளையம் போட்டு இரண்டு காதையும் மூடும் பெரியது.

“யாருக்குண்ணா?”

“தங்கச்சி பொண்ணுக்கு. பதிமூணு வயசு.”

“அப்ப ரெண்டாவதுதாண்ணா. இப்ப பசங்க எல்லாம் அதுதான் கேக்குதுங்க. தலையில மாட்டறது வெயிலுக்குப் பேஜாரு.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கழுத்துப் பட்டையைப் பார்த்தால் மாட்டுக் கயிறு ஞாபகம் வந்தது. பெரியதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், விமானம் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தேன். சின்னதை டிப்போவுக்கு எடுத்துப் போய், இன்ஜின் ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டுப் பார்த்தேன். பாட்டு தெளிவாகக் கேட்டது. தலையைக் குனிந்தபோது ஒரு துண்டு கழன்று, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பழுதில்லை. நீ சொன்ன விலைக்கு உள்ளேதான். பில்லும் டப்பாவில் இருக்கிறது.

பிரியா போட்டுப் பார்த்து என்ன சொன்னாள் என்று மட்டும் எழுது.

அண்ணன்,
சவுரிராயன்

*

திண்டிவனம்
22 ஆகஸ்ட் 2025

சவுரிராயன் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பியது பயன்படவில்லை. டப்பாவையும் அதில் மிச்சம் இருப்பதையும் திருப்பி அனுப்புகிறேன். இடது துண்டு பஜ்ஜி மாவில் விழுந்துவிட்டது. எடுத்துக் கழுவினோம். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஏன் பயன்படவில்லை என்று எழுதாமல் விட்டால் நீங்கள் இன்னொன்று வாங்கி அனுப்புவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மண்டப வாசலில் நீங்கள் சொன்னது ஏதோ ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பிரியா மாலையோடு நின்றாள். நீங்கள் அவளுக்கு இடப்பக்கமாக வந்து கூப்பிட்டீர்கள். அவள் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டீர்கள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “மாமன் கூப்பிடறேன், திரும்பக்கூட மாட்றியே, இன்னா திமிரு? காது செவுடா உனக்கு?” என்றீர்கள். சனம் சிரித்தது. அது அவளுக்குக் கேட்டது.

ஆமாம். இடது காது செவிடு. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததே, அப்போது போனது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். நரம்பு செத்துவிட்டது, மிஷின் வைத்தும் பயனில்லை, வலது காது நன்றாக இருக்கிறது, அது போதும் என்றார்கள். அவள் அப்பா சென்னையில் கட்டட வேலைக்குப் போனது அந்தச் செலவுக்குப் பிறகுதான். நானும் அவரும் தவிர யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் சொல்லவில்லை. நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது எவனாவது இதைச் சொல்லித் தட்டிக்கழிப்பான் என்று பயந்தேன். அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் வலப்பக்கம் வருகிற மாதிரி நின்றுகொள்வாள். ஏழு வருஷம் யாருக்கும் தெரியாமல் சமாளித்தாள். அன்றைக்கு மாலையும் மேளமும் இருந்ததால் முடியவில்லை.

இப்போது பாட்டு விஷயம். குழுவில் பாதிப் பேருக்கு முதல் குரல், பாதிப் பேருக்கு இரண்டாம் குரல். ஒரே பாட்டுதான், ஆனால் இரண்டாம் குரல் கீழே வேறு வழியில் போகும். பிரியாவுக்கு இரண்டாம் குரல். பழகுவதற்காக அன்புச்செல்வி டீச்சர் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். அதில் முதல் குரல் வலது காதில் கேட்கும், இரண்டாம் குரல் இடது காதில் கேட்கும். தனித்தனியாகக் கேட்டுப் பழகட்டும் என்று அப்படிச் செய்தாராம். பிரியா வலது துண்டைப் போட்டுக் கேட்டாள். முதல் குரல் மட்டும்தான் இருந்தது. அதையே பழகி வகுப்பில் பாடினாள். டீச்சர், “உனக்குக் குடுத்தது ஒண்ணு, நீ பாடறது ஒண்ணு, பிடிவாதமா?” என்றாராம்.

இடது துண்டை வலது காதில் வைக்கப் பார்த்தாள். அந்தக் காதுக்கு அது வளைவு மாறியிருக்கிறது, நிற்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டு கேட்கும்போதுதான் மாவில் விழுந்தது.

செப்டம்பர் முதல் வாரத்தில் மாவட்டப் போட்டிக்கு ஆள் தேர்வு. இரண்டாம் குரல் வரவில்லையென்றால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். டீச்சரிடம் காதைப் பற்றிச் சொல் என்று நான் சொல்லவில்லை. சொல்லாதே என்றுதான் இத்தனை நாள் சொல்லி வளர்த்தேன்.

இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.

இருதயமேரி

*

விழுப்புரம்
27 ஆகஸ்ட் 2025

மேரி,

அந்த வார்த்தையைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். நாலு வரி எழுதினால் மனசு லேசாகிவிடும். அது எனக்கு இப்போது வேண்டாம். ஹெட்போனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பின்னால் வந்த வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இடப்பக்கம் உட்கார்ந்தவன் பேசியதற்கெல்லாம் சும்மா தலையாட்டினேன். வேலை முடிந்து அப்படியே நேருஜி ரோட்டுக்குப் போனேன்.

பர்வீனிடம், “எந்தக் காதுல வேணா மாட்டற மாதிரி எது இருக்குது?” என்று கேட்டேன்.

“இன்னாண்ணா, எல்லாரும் எந்த கலருன்னு கேப்பாங்க. நீங்க எந்தக் காதுன்னு கேட்டுக்கினு நிக்கிறீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, தெரிந்த பெண் என்றேன். அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டு, தலையில் மாட்டும் பெரிய வகையில் இருந்ததையெல்லாம் இறக்கியது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டிப் பார்த்தோம். சிலதில் மெத்தை ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் இருக்கிறது, திருப்பினால் காதில் இடுக்கு விழுந்து சத்தம் ஒழுகுகிறது. சிலது கனம். வெளிச் சத்தத்தை அடியோடு அடைக்கும் வகை ஒன்று காட்டியது, விலை கொஞ்சம்தான் கூட. வேண்டாம் என்றேன். இருக்கிற ஒரு காதையும் உலகத்துக்கு மூடிவிட்டு அந்தப் பெண் ரோட்டில் நடக்கக் கூடாது.

கடைசியில் ஒன்று சரியாக வந்தது. மெத்தை வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவு. வளையம் சின்னத் தலைக்கும் இறங்கும். என் இடது காதில் பஞ்சு இருந்தபடியே, இடது கிண்ணத்தை வலது காதில் மாட்டிக் கேட்டேன். இடப்பக்கத்துச் சத்தம் முழுதாக வலது காதில் வந்தது.

பிரியாவிடம் இப்படிச் சொல். கிண்ணத்துக்கு உள்ளே ‘எல்’, ‘ஆர்’ என்று எழுத்து இருக்கும். ‘எல்’ என்பதை வலது காதில் போட வேண்டும். அவள் பழக வேண்டிய இரண்டாம் குரல் அங்கே இருக்கும். முதல் குரல் செத்த காதுப் பக்கம் போய்விடும், தொந்தரவு செய்யாது. போட்டிப் பாட்டு இல்லாமல் சும்மா பாட்டுக் கேட்கும்போது, போனின் செட்டிங்கில் ‘மோனோ’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காதில் விழும். பழகும்போது மட்டும் அதை எடுத்துவிட வேண்டும். ரோட்டில் நடக்கும்போது ஹெட்போனே கூடாது.

இதையும் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறை திருப்பி மாட்டிப் பார்த்துவிட்டு அனுப்பு.

மாவில் விழுந்ததைக் கடையில் திருப்பி வாங்க மாட்டோம் என்றார்கள். அதில் வலது துண்டு பாடுகிறது. நான் வைத்துக்கொண்டேன்.

சவுரிராயன்

*

திண்டிவனம்
6 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

நீ அனுப்பியது திங்கட்கிழமை வந்தது. மாரியப்பன் கடையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டார், திட்டு விழும் என்று பயந்திருப்பார். பிரியா அப்போதுதான் பள்ளிவிட்டு வந்தாள். உன் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். படித்தாள். ‘எல்’ எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். திருப்பி மாட்டிக்கொண்டு வெங்காயக் கூடை மேல் உட்கார்ந்தாள்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டியில் ஒரு ஈடு வாழைக்காய் கருகியது. கடைக்கு வந்தவர் ஒருவர், “இன்னாம்மா, கரியா விக்கிற?” என்றார். முதலில் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழுந்து நின்றுவிட்டாள்.

“யம்மா! இங்கதான்மா இருக்குது! எல்லாரும் கேக்குது கேக்குதுன்னு சொன்னது இதத்தான்மா!”

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போட்டிருந்ததால் எவ்வளவு கத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் அடக்கவில்லை.

அன்று முதல் சோறு தின்னும்போதுகூட அதுதான். இரண்டாம் குரல் நம் வீட்டுச் சுவருக்கே பாடமாகிவிட்டது. மாவு கரைக்கும்போது நானே முணுமுணுக்கிறேன்.

நேற்று முன்தினம் தேர்வு. அதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள், என்னைக் கேட்காமல். ஹெட்போனைப் பள்ளிக்கு எடுத்துப் போய், எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது மாட்டிக் காட்டி, “டீச்சர், எனக்கு இடது காது கேக்காது. அதான் மொதல்ல தப்பா பாடினேன். இப்ப சரியா பாடுறேன், கேளுங்க” என்று சொல்லிப் பாடியிருக்கிறாள். அன்புச்செல்வி டீச்சர் அன்று மாலை கடைக்கே வந்தார். என்னிடம், “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா, நான் அந்தப் பிள்ளையை எவ்வளவு திட்டிட்டேன்” என்றார். ஒரு தட்டு பஜ்ஜி கொடுத்தேன்.

தேர்ந்துவிட்டாள். மேடையில் வரிசையின் இடது கோடியில் நிற்க வைக்கப்போகிறார்களாம். அப்போது மற்ற பிள்ளைகள் எல்லாரும் அவளுக்கு வலப்பக்கம் வருவார்கள்.

ஏழு வருஷமாக நான் மூடி வைத்ததை அவள் ஒரு நாளில் திறந்துவிட்டாள். இரண்டு நாளாக ஊர் என்ன பேசும் என்று காத்திருக்கிறேன். இதுவரை ஒருவர் மட்டும் கேட்டார். அந்த ஹெட்போன் எந்தக் கடையில் வாங்கியது என்று.

போட்டி அக்டோபர் பதினொன்றாம் தேதி, விழுப்புரத்தில்தான். பிள்ளைகள் பள்ளி வேனில் வருகிறார்கள். அன்று எனக்கு ஒரு வளைகாப்புக்குப் பலகாரம் போடும் வேலை ஒப்புக்கொண்டாயிற்று, வர முடியாது. நம் வீட்டு ஆள் யாராவது கீழே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நீ போ. மேளம் வேண்டாம்.

மேரி

*

விழுப்புரம்
11 அக்டோபர் 2025

மேரி,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போட்டி நடந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன். இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறாய். பரவாயில்லை. முதல் பரிசு என்று பிரியாவே வந்து சொல்லியிருப்பாள். ஆனால் அவள் மேடையில் இருந்தாள். கீழே நடந்தது அவளுக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

நானும் அஞ்சம்மாளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். நம் பிள்ளைகளுக்கு முன்னால் பாடிய குழு நன்றாகப் பாடியது. உடை எல்லாம் ஒரே மாதிரி, மாவட்டத்தையே வாங்கிவிடுவார்கள் போல் நின்றார்கள். அஞ்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நம் பிள்ளைகள் ஏறினார்கள். பிரியா இடது கோடியில். ஆர்மோனியத்தின் சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்பதற்காக மேடையின் இரண்டு ஓரத்திலும் ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தார்கள். முதல் அடி நன்றாகப் போனது. இரண்டாவது அடி பாதியில் பிரியாவின் பக்கத்துப் பெட்டி கொர் என்று இருமிவிட்டு நின்றுபோனது.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதை நம்பித்தான் பாடிக்கொண்டிருந்தார்கள் போல. ஒருத்தி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள், ஒருத்தி வாயை மூடிவிட்டாள். இரண்டாம் குரல் அறுந்துவிடும் போல் இழுத்தது. எனக்குப் பின்னால் யாரோ, “போச்சு” என்றார்கள்.

போகவில்லை. உன் மகளுக்கு அந்தப் பெட்டி இருந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. அந்தப் பக்கத்தில் அவளுக்கு என்றைக்கு எது கேட்டது? வலது காதில் வந்ததைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அவள் வழியில் பாடிக்கொண்டே போனாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்துச் சேர்ந்துகொண்டாள். அடுத்தவள் சேர்ந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரிசை முழுவதும் ஒவ்வொருத்தியாக அவள் குரல் மேல் ஏறிக்கொண்டது. மூன்றாவது அடிக்கு வரும்போது முன்னைவிடப் பலமாக இருந்தது. நடுவர் அம்மா எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அஞ்சம்மாள் என் கையை எவ்வளவு நசுக்கினாள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் கை தட்டிய சத்தத்துக்கு முன் வரிசையில் இருந்த தலைமையாசிரியர் ஒருவர் திரும்பி முறைத்தார். மேளம் வேண்டாம் என்றுதானே சொன்னாய்.

பரிசு கொடுத்த பிறகு பிள்ளைகள் வெளியே வேனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் சுற்றிப் போய் பிரியாவுக்கு வலப்பக்கம் வந்து, மெதுவாக ஒரே முறை கூப்பிட்டேன். சட்டென்று திரும்பினாள். ஜனவரிக்குப் பிறகு அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவள்தான் முதலில் பேசினாள். “இன்னா மாமா, கத்தாம கூப்புடற? ஒடம்பு சரியில்லையா?”

அவள் கூட நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன். சடங்கன்று மண்டப வாசலில் சனம் சிரித்த சிரிப்பு இல்லை இது. “மன்னிச்சுக்கம்மா” என்றேன். “அது எப்பவோ ஆச்சு மாமா. எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் குடு” என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

சீர் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். நீதான் சொல்ல வேண்டும்.

சவுரிராயன்

*

திண்டிவனம்
14 அக்டோபர் 2025

அண்ணா,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன், எண்ணெய் காய்ந்தால் காயட்டும் என்று. பெட்டி நின்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். மாரியப்பன், “இன்னாமா, நல்ல சேதியா?” என்றார். அவருக்கும் டிரைவருக்கும் பஜ்ஜி கட்டிக் கொடுத்தேன். வண்டி தாமதமானதற்கு உன் டிப்போவில் யாராவது கேட்டால் என்னைச் சொல்.

நம்பரைத் திறந்துவிட்டேன். அண்ணியுடையதையும். அந்த டயர்காரருடைய நம்பர் எது என்று தெரியவில்லை, அவரிடம் நீயே சொல்லிவிடு. ஆனால் இந்த விஷயத்தைப் போனில் பேசினால் நீ பாதியைத்தான் காதில் வாங்குவாய். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்பாவாடையை எடுத்துக்கொண்டு அண்ணியோடு வா. அவள் அப்பாவும் சென்னையிலிருந்து வருகிறார். சாப்பாடு இங்கேதான்.

இன்னொன்று. நேற்றுப் பிரியா என்னிடம் வந்து, “யம்மா, மாமா இப்பவும் பேனர் வைப்பாரா?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜனவரியில் அதைப் பார்த்துத்தானே அழுதாள். கேட்டதற்கு, “அப்ப வயசுக்கு வந்ததுக்கு வச்சாரு, அது தன்னால வந்துச்சு. இது நான் பாடி வாங்குனது” என்றாள்.

அதனால் வை. ஒன்றே ஒன்று, நம் கடைக்கு மேலே, என் கூரைத் தகரத்தை மறைக்கும் அளவுக்கு. ‘மாவட்டக் குழுப்பாட்டு, முதல் பரிசு. இரண்டாம் குரல்: கலைப்பிரியா’ என்று எழுது. இளவரசி, சிங்கம் என்றெல்லாம் எதுவும் சேர்க்காதே. ஹெட்போன் மாட்டிய படம்தான் வேண்டுமாம். எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள், போனைத் திறந்து பார். கிண்ணத்தின் வெளிப்பக்கம் வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக ‘எல்’ என்று அவளே எழுதியிருக்கிறாள், வலது காதுப் பக்கம். பேனர் அடிக்கிறவன் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடப் போகிறான், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். யாராவது, “இன்னாடி, திருப்பி மாட்டிக்கினு கீற?” என்று கேட்டால் அவளே பதில் சொல்லிக்கொள்வாளாம். கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறாள்.

உன் படத்தையும் போட்டுக்கொள். சின்னதாக. அவளுக்கு வலப்பக்கத்தில்.

மேரி